‘நெ கித்தே பா’ என்ற குரல்

மனைவி யாழ்ப்பாணத்தில், நான் லா சப்பலில் தனி அறையில். அவளைப் பார்க்கப் போக டிக்கெட் விசாரிக்க ஒரு கம்பனிக்குப் போன் எடுத்தேன். “நெ கித்தே பா” என்றது ஒரு பெண்குரல். பிரெஞ்சில் வைத்துவிடாதீர்கள் என்று அர்த்தம். என்னிடம் அப்படி யாரும் சொல்லி நாளாகியிருந்தது. பிள்ளையார் படத்துக்கு முன்னால் போனைக் காதில் வைத்தபடி இருந்தேன். பிறகு அந்தக் குரலுக்காகச் சும்மாவே எடுக்கத் தொடங்கினேன்.

பெரிய பில் வந்தது. கட்ட முடியாமல் போன் வெட்டுப்பட்டது.

பில்லைக் காட்டி அந்தக் குரலைப் பற்றிச் சொன்னதும் போன்கடைத் தம்பி சிரித்தார். “அண்ணை, அது மெசினெல்லோ! சீரோ எட்டில தொடங்கிற நம்பருக்குக் காத்திருந்தாலும் காசு. அவையின்ர சாதாரண நம்பரைத் தேடித் தாறன். முதல்ல அக்காவோட கதையுங்கோ” என்று தன் போனை நீட்டினார்.

“ஏன் இவ்வளவு நாளா எடுக்கேல்லை? வைச்சிடாதேங்கோ” என்று மனைவி அழுதாள்.

பிள்ளையாரே, இந்தக் குரலை விட்டுவிட்டா அந்த மெசினோடு இருந்தேன்?