பாவு ஓரமாக ஒரு டிராக்கிங் ஷாட்

தெரு முழுக்கக் கஞ்சி வாசனை...

விடிந்தும் விடியாத நேரத்தில் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றப்போகும் நீளவாக்கு நூலை, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய விடுவார்கள். காஞ்சிபுரத்தில் நான் கண் விழித்ததே அந்த வாசனையில்தான்.

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஓர் இத்தாலிக்காரர் ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

சென்னையில் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் ரயிலில் போய்வருவேன். செமினாருக்குச் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு டைரக்டரைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்த பெயராக வந்தது. எனக்கு மட்டும் ஊமைப்படக் காலத்து இத்தாலி டைரக்டர் ஒருவர். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு நான் உச்சரித்த லட்சணத்துக்குக் கிளாஸே சிரித்தது, அது போதும்.

வேறு ஆளை மாற்றித் தரட்டுமா என்று சார் கேட்டார். வேண்டாம் என்றேன். வெறும் வீம்புதான்.

ஆனால் படிக்கப் படிக்க மனிதரைப் பிடித்துப்போயிற்று. படக் கம்பெனியில் கணக்கு எழுத வந்தவர், சில வருஷத்தில் அதே கம்பெனிக்குப் பிரமாண்டமாகப் படம் எடுத்திருக்கிறார். அதிலும் சொந்தப் பெயரைப் போடாமல் புனைபெயரில் ஒளிந்துகொண்டார். கேமராவை ஓரிடத்தில் நட்டுவைத்துப் படம் பிடித்த காலத்தில், அதைச் சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றி நகர்த்தினார். பிறகு சினிமாவையே விட்டுவிட்டு மருத்துவ ஆராய்ச்சி என்று கிளம்பிவிட்டார்... எதையும் கேட்டுக்கொண்டு செய்கிற ஆள் இல்லை போல.

செமினாரோடு, அவர் பாணியில் ஒரு ஷாட்டும் எடுத்துக் காட்ட வேண்டும்.

வீட்டில் நிலைமை வேறு. முந்தின செமஸ்டரில் ஒரு பேப்பரைக் கோட்டை விட்டிருந்தேன். இந்தத் தடவையும் ஃபெயில் என்றால் படிப்பை விட்டுவிட்டு டீச்சர் டிரெய்னிங் சேர வேண்டும் என்று அம்மா சொல்ல, நானும் ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். அந்தச் சண்டையிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போட்டாயிற்று என்பதைக்கூடத் தங்கச்சியிடம் சொல்லித்தான் அனுப்புவாள்.

காலேஜ் கேமரா ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைத்தது. அன்று எங்கள் வீட்டுப் பாவு தெருவில். அப்பாவும் தெருக்காரர்களும் பாவு வேலையில் நின்றார்கள். அம்மா மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டாள்.

பாவு ஓரமாகவே கேமரா நகர வேண்டும், கோடியிலிருந்து கோடிவரை, நடுவில் கட் இல்லாமல். வெயில் ஏறுவதற்குள் பாவைச் சுருட்டிவிடுவார்கள். அடுத்த பாவு வர வாரக்கணக்காகும்.

முதலில் இத்தாலிக்காரர் வழியில் சக்கரம். காய்கறித் தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்தேன். எங்கள் தெரு ரோடு எப்படி இருக்கும் என்று தெரியாதா... படம் முழுக்கப் பூகம்பம்.

டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் சேகர் அண்ணன். கோயில் உற்சவத்தில் சாமி தூக்குகிறவர்.

"வண்டிலாம் வேலைக்காவாதுமா. நாங்க நாலு பேரு தூக்கிக்கினு போறோம். ஒரு ஆட்டம் இருக்காது," என்றார்.

ஒரு பெஞ்சின் அடியில் இரண்டு மூங்கிலைக் கட்டினோம். மேலே கேமராவோடு நான். தூக்கும்போது, பழக்கதோஷம், நாலு பேரும் ஒரே குரலில் "கோவிந்தா" என்றார்கள்.

சொன்ன மாதிரியே துளி ஆட்டம் இல்லை. வியூஃபைண்டரில் பாவு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதித் தெருவுக்கு மேல் வந்தாயிற்று.

எங்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டார்கள். நின்றதோடு விட்டார்களா... பெஞ்சை அப்படியே மெதுவாக வாசல் பக்கம் திருப்பினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

நடந்தது இதுதான். உள்ளே வேலையாக இருந்த அம்மா, "கோவிந்தா" சத்தம் கேட்டுச் சாமி வருகிறது என்று ஈரக்கையோடு ஓடிவந்து, கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறாள். வாசலில் ஒருவர் கைகூப்பி நின்றால் சாமியை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டித்தான் அவர்களுக்குப் பழக்கம். திருப்பிவிட்டார்கள்.

அம்மா கண்ணைத் திறந்தாள். மேலே சாமி இல்லை, நான்.

கூப்பிய கை கூப்பியபடி இருக்க, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொரு தடவை எடுக்க நேரமில்லை. பாவைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சேகர் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவரைத் திட்டக்கூட மனசு வரவில்லை.

செமினாரில் ஷாட்டைப் போட்டேன். கேமரா ஏன் அங்கே திரும்புகிறது என்று சார் கேட்டார். வேண்டுமென்றே எடுத்ததாகச் சொல்லிவிடு என்று பக்கத்தில் இருந்தவள் கிள்ளினாள். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். தூக்கினவர்கள் அது கேமரா என்பதையே மறந்துவிட்டார்கள் சார், என்றேன்.

சார் மறுபடியும் போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. பாஸ்.

அன்று சாயங்காலமே சிடியைக் கொண்டுவந்து வீட்டு டிவியில் போட்டேன். அம்மா சமையலறை வாசலில் நின்றபடியே பார்த்தாள். முடிந்ததும் தங்கச்சியைக் கூப்பிடவில்லை. நேராக என்னிடமே சொன்னாள்.

"அடுத்த தபா எடுக்கசொல்லோ முன்னாடியே சொல்லுமா. நல்ல பொடவையா கட்டிக்கினு நிக்கிறேன்."

அடுத்த தபா என்றாள்... டீச்சர் டிரெய்னிங் பேச்சு அதோடு போயிற்று. அன்றைக்குக் கொல்லைப்பக்கம் போய் நன்றாக அழுதேன்.

இப்போது கேமராவை ஆடாமல் பிடிக்கக் கிம்பல் இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது. நாலு பேர் தோள் தேவையில்லை. விளம்பரம், சீரியல், கல்யாணம் என்று யார் யாரையோ சுற்றிச் சுற்றி எடுத்தாயிற்று. அம்மாவை மட்டும் இத்தனை வருஷமாக எடுக்கவில்லை. மொபைலில் எடுப்பதெல்லாம் கணக்கில் சேராதாம். முட்டிவலி வேறு வந்துவிட்டது, முன்போல ஓடிவர முடியாது.

நேற்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். இந்தத் தடவை கேமராவை அந்தப் பக்கம் நானே திருப்புவேன்.