நாலரை மணி நேரம் பழைய தண்ணீர்

இங்கே மழை பெய்தால் தண்ணீர் போய்விடுகிறது. ஜெர்மனிக்கு வந்து ஏழு வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஒரு மணி நேரம் கொட்டோ கொட்டென்று கொட்டும், தெருவோரத்து இரும்புச் சல்லடை வழியாகச் சளசளவென்று இறங்கும், மழை விட்ட பத்தாவது நிமிஷம் பிள்ளைகள் சைக்கிளோடு வெளியே வந்துவிடுவார்கள். போன வருஷம் ஊரில் மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒரு நாள், குடையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சல்லடை முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஹில்டே அம்மா ஜன்னலைத் திறந்து, சாவி ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, எங்கள் வீட்டுத் தெருவில் இதற்குள்ளிருந்து தண்ணீர் மேலே வரும், அதனால் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய் ஒரு துண்டுச்சீட்டோடு வந்தார். அதில் ஒரு பிளம்பரின் போன் நம்பர் எழுதியிருந்தது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

என் வீட்டுத் தெரு என்று நான் சொன்னது சிட்லபாக்கத்தில் இருக்கிறது. ஏரிக்குப் பின்னால் மூன்றாவது தெரு. அங்கே பெய்கிற மழை ஏரி நிறைந்து, கால்வாய் நிறைந்து, வழியில் யார் வீட்டு வாசலையெல்லாமோ எட்டிப் பார்த்துவிட்டு, ஒருவழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்கு ஒரு நாளும் ஆகும், நாலு நாளும் ஆகும். இந்த அவஸ்தையைப் பற்றித்தான் பத்து வருஷமாக ஒரு இணையதளம் நடத்திக்கொண்டிருக்கிறேன். ‘முட்டியளவு’ என்று பெயர். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எந்த வழியில் போகலாம், எங்கே போகக்கூடாது, அவ்வளவுதான். முதலில் அது சமையல் குறிப்பும் புலம்பலுமாக நான் எழுதிய வலைப்பூ. ஒரு நவம்பரில் விளையாட்டாக, “இன்றைக்கு எந்தெந்தத் தெருவில் தண்ணீர்” என்று பத்து வரி எழுதிப்போட்டேன். அன்றைக்கு வந்த கூட்டம் அதற்கு முன் ஒரு வருஷத்தில் வந்ததில்லை. அதன்பிறகு என் வத்தக்குழம்பை யாரும் சீண்டவில்லை.

திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன லேத் பட்டறையில் என் கணவர் செந்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அதே மெஷினை ஓட்ட இங்கே ஆள் வேண்டும் என்றார்கள், வந்துவிட்டோம். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். கணினிப் படிப்பெல்லாம் கிடையாது, தளம் கட்டத் தெரிந்ததெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான். கிளம்பும்போது தளத்தை யாரிடமாவது ஒப்படைத்துவிடலாம் என்று கேட்டுப்பார்த்தேன். எல்லோரும் “சூப்பர் சர்வீஸ் மேடம், நீங்களே பண்ணுங்க” என்றார்கள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, நான் மிதிக்காத தண்ணீரின் ஆழத்தை எழுதத் தொடங்கினேன்.

இது நடப்பதற்குக் காரணம் கோமதி அக்கா. எங்கள் பக்கத்துத் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்பவர். தினமும் காலையில் ஸ்கூட்டியில் வாளிகளைக் கட்டிக்கொண்டு இருபது தெரு சுற்றுவார். மழை நாளில் சுற்றி முடித்ததும் எனக்கு வாட்சப்பில் பேசி அனுப்புவார். அவருடைய அளவுகோல் தனி. கணுக்கால், முட்டி, அப்புறம் சைலன்சர். ஸ்கூட்டியின் சைலன்சர் முழுகினால் வண்டி நின்றுவிடும், அந்தத் தெரு அன்றைக்குக் காலி. “மணி எட்டே கால். ஸ்கூல் தெரு முட்டி கீது. ரேஷன் கடை பக்கம் சைலன்சர் பூடும், யாரும் வராதீங்கன்னு போடுமா.” நான் அப்படியே எழுதுவேன்: காலை 8.15, ஸ்கூல் தெரு, முட்டி. மணியை அவர் வாயால் சொன்னபடி கையால் தட்டுவேன். இப்படியே எத்தனையோ மழை போய்விட்டது, ஒரு குழப்பமும் வரவில்லை.

என் அப்பா அதே தெருவில் தனியாக இருக்கிறார். மருந்துக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. தினமும் போனில் பேசுகிறோம், ஆனால் தண்ணீர் எவ்வளவு என்று என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. தளத்தைத் திறந்துதான் பார்ப்பார். ஏன்ப்பா, வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாலே தெரியுமே என்றால், “இல்லம்மா, பக்கம் புதுசாயிருந்தா நீ நல்லா இருக்கன்னு ஒரு நிம்மதி” என்பார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் எப்படி அதை மூடுவது?

மூடத்தான் நினைத்தேன், மறைக்க மாட்டேன். பெருமழை நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்க, பழைய தளம் திணறி நின்றுவிடும். ஆளாளுக்குத் திட்டி எழுதுவார்கள். எட்டு மணி நேரம் பாத்திரம் கழுவிவிட்டு வந்து அதைப் படிக்கும்போது, போதும்டா சாமி என்று வரும். ஆனாலும் மனசு கேட்காமல், மூடுவதற்குப் பதில் ஒரேயடியாகச் சீர்படுத்திவிடுவோம் என்று இறங்கினேன். மூன்று வாரம். தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினேன். சிவப்பும் மஞ்சளுமாக ஓடிக்கொண்டிருந்த எழுத்துகளை எல்லாம் எடுத்தேன். வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து, போனில் பளிச்சென்று திறக்கும்படி செய்தேன். மணியைக் கையால் தட்ட வேண்டியதில்லை, பதிவு போட்ட நேரம் தானாகவே மேலே வரும். ஹில்டே அம்மாவுக்குக் காட்டினேன். ஒரு எழுத்துப் புரியாவிட்டாலும் “ஸௌபர்!” என்றார். சுத்தம் என்று அர்த்தம். தண்ணீர் ஆழம் எழுதுகிற பக்கம் என்றேன், எந்த நீச்சல்குளத்துக்காக இதைச் செய்கிறாய் என்று கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக ஒரு வேலையை முழுசாக முடித்த பெருமை.

பிறகு அந்த மழை வந்தது. இங்கே காலை ஆறு மணி, இன்னும் இருட்டு. கோமதி அக்காவின் குரல் வந்தது. “ரேவதிம்மா, மணி பத்து நாப்பது. ஸ்கூல் தெரு மொத்தமும் சைலன்சர். மெயின் ரோடு திரும்புற இடத்துல கால்வா மூடி காணோம்மா, தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியல. அந்தாண்ட யாரும் வராதீங்கன்னு பெரிசா போடு.” பெரிசாகப் போட்டேன். பதிவுக்கு மேலே ‘காலை 6:10’ என்று வந்தது. என் போனிலும் ஆறு பத்து, அவர் குரல் வந்த நேரமும் அதில் ஆறு பத்து என்றுதான் இருந்தது, சுவர்க் கடிகாரமும் அதையே காட்டியது. எல்லாம் சரியாக இருந்தது. ஒரு காபி போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் இல்லத்துச் சமையலறையில் இருக்கும்போது கோமதி அக்காவிடமிருந்து போன் வந்தது. அப்பா கால்வாயில் விழுந்துவிட்டார். பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய், பதினொரு மணிக்கு மருந்துக் கடைக்குக் கிளம்பியிருக்கிறார். அதே திருப்பத்தில், மூடியில்லாத அதே குழியில் இடுப்புவரை போய்விட்டார். பெட்ரோல் பங்கில் வேலை செய்கிற இரண்டு பேர் ஓடிவந்து தூக்கியிருக்கிறார்கள். வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. தாம்பரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே நின்றது கோமதி அக்காதான். வேலையிடத்தில் மேலாளர் பெண்மணி நான் அழுவதைப் பார்த்துவிட்டு, வெங்காயம் நறுக்கும் இடத்திலிருந்து என்னை மாற்றிவிட்டார். நல்ல மனசுதான்.

சாயங்காலம் வீடியோவில் அப்பா முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவ்வளவு பெரிசா போட்டிருந்தேனே, அந்தப் பக்கம் ஏன்ப்பா போனீங்க என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “பார்த்தேம்மா. ஆறு மணிக்குன்னு போட்டிருந்த. நான் கிளம்புறப்போ பதினொண்ணு. மழையும் விட்டிருந்தது. அஞ்சு மணி நேரத்துல வடிஞ்சிருக்கும், மூடியையும் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். என் தப்புதான். நீ அழாத.” ஆறு மணி என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மூளையில் விழவில்லை. நானும் சேர்ந்து அவரை இன்னும் இரண்டு வார்த்தை திட்டினேன்.

இரண்டு நாள் கழித்து கோமதி அக்கா பேசி அனுப்பினார். “இன்னாமா, நான் பத்து நாப்பதுன்னு சொன்னேன், நீ ஆறு பத்துன்னு போட்டுகீற? கடையில ஒருத்தர் காட்டினாரு.” தளத்தைத் திறந்தேன். புது சர்வர் இந்த நாட்டில் இருக்கிறது. அதற்கு இந்த நாட்டு நேரம்தான் தெரியும். இந்திய நேரத்துக்கு மாற்ற அமைப்புகளுக்குள் ஒரே ஒரு வரி இருக்கிறது. மூன்று வாரம் எழுத்தின் பருமனையும் வெள்ளையின் வெண்மையையும் மாற்றி மாற்றிப் பார்த்த நான், அந்த வரியைத் திறந்தே பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம் முன்னால் பார்த்த தண்ணீரை, நாலரை மணி நேரம் பழைய தண்ணீர் என்று என் சொந்தத் தெருவுக்கே சொல்லியிருக்கிறேன். நாசமாய்ப் போக, என் கையால் என் அப்பாவைக் குழியில் தள்ளியிருக்கிறேன்.

அந்த வரியை மாற்ற அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மாற்றிவிட்டு ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் தெரியாது. கோமதி அக்கா அதை என் கவனப்பிசகு என்று எடுத்துக்கொண்டு மறந்துவிட்டார். அப்பா தினமும் தன் அவசர புத்தியைத் தானே திட்டிக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “பொண்ணு அங்கிருந்து எச்சரிச்சா, நான் கேக்கல” என்று சொல்லியிருக்கிறார். அதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். செந்தில், “சொல்லி என்ன ஆகப்போகுது, உடைஞ்ச எலும்பு ஒண்ணு கூடிடவா போகுது?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வயசான மனுஷர் செய்யாத தப்புக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு கூனிக் குறுகுவதை நான் இங்கிருந்து தினம் பார்க்க வேண்டும், அது என்னால் முடியவில்லை.

பத்தாம் நாள் சொன்னேன். ஆறு பத்து என்பது என் ஊர் மணிப்பா, உங்களுக்கு அப்போது பத்து நாற்பது, நீங்கள் செய்தது தப்பே இல்லை, நான்தான் பார்க்காமல் விட்டேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. “அப்போ கோமதி சொல்றப்பல்லாம் உனக்கு விடியக்கூட இல்லியா?” என்றார். இல்லைப்பா. “இத்தனை வருஷமாவா?” ஆமாப்பா. “இருட்டுல உக்காந்தா எழுதிட்டிருந்த?” கேட்டுவிட்டு அழுதுவிட்டார். கால் உடைந்தபோது அழாத மனுஷர். அவரைப் பார்க்க வந்திருந்த கோமதி அக்கா போனை வாங்கி, “அவரு சரியாயிடுவாரு, நீ வையிமா” என்றார்.

தளத்திலும் உண்மையை எழுதிப்போட்டேன். சிலர் பரவாயில்லை மேடம் என்றார்கள். ஒருவர், “பாரின்ல உக்காந்துகினு உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை” என்று கேட்டிருந்தார். கோமதி அக்காவிடம் மூடிவிடட்டுமா என்று கேட்டேன். “மூடினா நான் யாராண்ட சொல்றது?” என்றார். சரி என்று, பழையபடி அவர் வாயால் சொல்கிற மணியைக் கையால் தட்ட ஆரம்பித்தேன்.

நேற்றும் மழை. இங்கே இருட்டில் எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்படி மேஜையில் உட்கார்ந்து எழுதினேன்: காலை 10.20, ஸ்கூல் தெரு, கணுக்கால். போட்ட இரண்டாவது நிமிஷம் அப்பா கூப்பிட்டார். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார். கட்டில் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பால்பாயின்ட் பேனாவால் ஏதோ கணக்குப் போட்டிருந்தது. “அங்க அஞ்சு அம்பது. கழிச்சுப் பார்த்துட்டேன்” என்றார். ஆமாப்பா என்றேன். “இனிமே நீ இதுக்காக எழுந்திரிக்காத கண்ணு. மேல் வீட்டுப் பொண்ணு கத்துக்கறேன்னு சொல்லிருக்கா. நீ நல்லாத் தூங்கு. இந்தத் தண்ணிய நாங்க பார்த்துக்கறோம்.”

சரிப்பா என்றேன். விளக்கை அணைத்தேன், போய்ப் படுக்கத்தான் எழுந்தேன். ஆனால் இதை எழுதாமல் என் தெருவுக்கு வேறு எப்படிப் போவது என்று தெரியாமல், திரும்ப வந்து விடியும்வரை அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன்.