பச்சையில் அரிந்த இலை

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்கு, மாமா முதல் மரத்தில் துரட்டியை மாட்டினார். பக்கத்து வீட்டுக் கடிகாரம் அடித்து முடிக்கும்வரை காத்திருந்து, நல்ல நேரம் என்று சொல்லித்தான் இழுத்தார்.

மலாக்கா அப்போது வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் பால்மரங்கள் நின்றன. அப்பாவும் அம்மாவும் அவற்றின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தால்தான் எங்களுக்குச் சோறு. ஆண்டுதோறும் மாசியில் இலை பழுத்து உதிரும். புது இலை முற்றும்வரை மரத்தில் கத்தி வைக்கக்கூடாது. அந்த வாரங்களில் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான். அந்த ஆண்டு அம்மாவுக்குப் பிள்ளைப்பேறும் மாசியிலேயே வரவிருந்தது.

பண்டார் ஹிலிரில் துணிக்கடையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இலையை இப்போதே அரிந்துவிட்டால் மாசிக்குள் புது இலை முற்றிவிடும். பிள்ளை பிறக்கும்போது ரப்பர் பால் ஓடும்.

“எல இன்னும் பச்சையா இருக்கே மாப்ள,” என்றார் அப்பா.

“முருங்கைய வெட்டிவிட்டா தழைக்கலையா மச்சான்? எல்லாம் மரந்தானே.”

“உன் தலைய மொட்டையடிச்சிப் பாரு, என்ன தழைக்குதுன்னு,” என்றாள் அம்மா.

அப்பா சிரித்துவிட்டு ஏணியைப் பிடித்தார். அந்த வாரத்துக்குள் தோட்டம் மொட்டையாகிவிட்டது. அரிந்த இலைகளையும் மாமா காயவைத்துக் கொளுத்தி, இடத்தைச் சுத்தமாக்கிக் கொடுத்தார்.

மார்கழியில் துளிர் வந்தது. மாமா தெருவெல்லாம் வெற்றிலைபாக்கு கொடுத்தார். ஆனால் இலைகள் பெரிதாகவில்லை. வெளுத்துச் சுருண்டு உதிர்ந்தன. மறுபடி துளிர்த்தது, முன்னைவிடக் குறைவாக. பக்கத்துத் தோட்டங்கள் மாசியில் உதிர்ந்து, கருகருவென்று தழைத்தபோது எங்கள் மரங்களில் மஞ்சள் கொத்துகள்தான் இருந்தன. அப்பா சீவிப் பார்த்தார். அரிசி கழுவிய தண்ணீர்போல ஏதோ வடிந்தது. பால் பிடிக்கும் மங்கின் அடியைக்கூட அது மூடவில்லை.

தம்பி பிறந்திருந்தான். அம்மா கிழங்கைத் தின்று பால் கொடுத்தாள். வர வர அவன் அழுகை குறைந்தது. தொந்தரவில்லாத பிள்ளை என்று எல்லாரும் மெச்சினோம். ஒரு வயது நிறையுமுன் அவன் போய்விட்டான். இன்றும் என் பிள்ளைகள் சத்தமில்லாமல் தூங்கினால் நான் எழுப்பிப் பார்க்கிறேன், அவர்கள் எரிச்சல்படுகிறார்கள்.

அவன் இருந்தபோதே, பங்குனிக் கடைசியில், அப்பா பலமுறை போய்க் கேட்டதன்பேரில் விவசாய இலாகாவிலிருந்து ஒரு தமிழ்க் குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி, வந்தார். பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார்.

“எல பழுக்கறப்ப அதுல இருக்கற நைட்ரஜன் சத்து பட்டைக்குத் திரும்பிடும்ணே. அத வச்சுத்தான் அடுத்த துளிரு. மிச்சம் மீதி விழுந்து மக்கி வேருக்குப் போவும். நீங்க பச்சையிலயே அரிஞ்சு, அதையும் கொளுத்திட்டீங்க.”

தம்பியை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: “அப்ப ரெண்டு தரம் துளிர்த்துச்சே, எத வச்சு?”

“தன் உசுருக்குன்னு வச்சிருந்தத எடுத்துக் குடுத்திருக்கு அக்கா. இப்ப உள்ள ஒண்ணுமில்ல.”

அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். மரத்தைப் பற்றித்தானே பேசுகிறார், இவள் ஏன் போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

“இனி கத்தி வைக்காதீங்கண்ணே,” என்று கிராணி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “பொழச்சா பாப்போம்.”