பிலோமினா மச்சாள் தெரிந்தெடுத்த கணினி

எங்கள் மூத்த பேரன் பொறியியலாளர். அவனுக்கு அடுத்தவள் தாதி. மூன்றாமவன் மாகாணப் போட்டியில் ஓடி வெள்ளிப் பதக்கம் எடுத்தவன். கடைசிப் பேத்தி ஷாலினி வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். போன ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வளவில் ஒருவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றேன். மகன் வேகமாக வந்தான். "அம்மா, பிலோ மாமி போயிட்டா" என்றான்.

பிலோமினா மச்சாள் என் கணவரின் அக்கா. கலியாணம் கட்டாதவர். கச்சேரியில், அதுதான் மாவட்ட அரச அலுவலகத்தில், தட்டெழுத்தராக இருந்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்திலேயே என் பிள்ளைகள் கணக்குக் கேட்க அவரிடம் போவார்கள், சோறு கேட்க என்னிடம் வருவார்கள். ஊர் திரும்பிய பிறகு பேரப்பிள்ளைகளும் அப்படித்தான். முகநூலில் எங்கள் குடும்பப் பக்கத்தில் போட நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி மகன் கேட்டான். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்.

ஷாலினி பள்ளிக்கூடம் முடித்த வருடம், விளையாட்டு ஓடக்கூடிய கணினி ஒன்று கேட்டாள். கையில் இருந்ததோ கொஞ்சக் காசு. துண்டு துண்டாக வாங்கிப் பொருத்தினால் மலிவு என்று அவளும் மச்சாளும் மேசையடியில் குந்திவிட்டார்கள். நான் தேத்தண்ணியோடு போய் நின்றேன்.

"கண்ணாடிப் பெட்டி ஒண்டு எடுங்கோவன். உள்ளுக்குள்ள கலர் லைட் ஓடுமாம்" என்றேன்.

"லைட் பாக்கத் திருநாள் இருக்கு, ஆக்னேஸ்" என்றார் மச்சாள். "அந்தக் காசைப் படம் காட்டிற கார்ட்டில போடுவம். மற்றது, கரண்ட் போய்ப் போய் வாற ஊர். பவர் சப்ளையில கஞ்சத்தனம் பிடிச்சா எல்லாம் சாம்பல்."

"அப்பம்மாவுக்கு இது விளங்காது மாமி, நீங்கள் சொல்லுங்கோ" என்றாள் ஷாலினி. அந்தச் சொல் இன்றைக்கும் எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது.

கார்ட்டைப் பழையதாக வாங்கப் போனபோது நானும் விடாமல் கூடப் போனேன். கடைக்காரர் நீட்டிய கார்ட்டை மச்சாள் மூக்கில் வைத்து மணந்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஆணி பூட்டும் இடத்தைப் பார்த்தார். பச்சை பூத்திருந்தது.

"தம்பி, இது எங்கட கடற்கரையில கிடந்த கார்ட். உப்புக் காத்துக் குடிச்சிட்டுது. வேற காட்டுங்கோ."

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். மச்சாள் நான்காவது கார்ட்டைத்தான் எடுத்தார். ஷாலினி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

கணினி பூட்டியாயிற்று. இருவரும் திரையில் மாறி மாறிக் கார் ஓட்டிச் சிரிப்பார்கள். அதில் என்னுடையது என்று ஒரு ஆணிகூட இல்லை. அதனால் ஒருநாள், ஒருவரும் இல்லாத நேரம், மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த மாதாவின் மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பெட்டியின் மேல் ஓட்டைகளால் போட்டேன். காவலுக்கு என்றுதான் நினைத்தேன். பின்னேரம் கணினியைப் போட்டதும், விசிறி சுளகில் கல் புடைத்தமாதிரிக் கத்தியது.

"ஆர் இதுக்க மண் போட்டது?" ஷாலினி அழத் தொடங்கிவிட்டாள்.

மச்சாள் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சோளகக் காத்து அள்ளிப் போட்டிட்டுது, பிள்ளை. யன்னலைப் பூட்டாதது என்ர பிழை."

பெயின்ற் தூரிகையால் பொறுமையாகத் தட்டித் துடைத்தார். ஷாலினி முகம் கழுவப் போனதும் மெதுவாகச் சொன்னார்: "மாதாவின்ர மண் பாம்புக்கடிக்கு. இதுக்க பாம்பு இல்லை. உனக்குப் பேத்தி வேணுமெண்டா வந்து இரு, ஆக்னேஸ். கதிரை ரெண்டு கிடக்கு."

"எனக்கு அடுப்படியில வேலை கிடக்கு, மச்சாள்" என்று வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவர் பலமுறை கூப்பிட்டார். நான் போய் இருக்கவேயில்லை.

அடக்கத்தன்று ஷாலினி சவப்பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கும் இப்படி அழுவாளா என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தேன். ஆண்டவர் மன்னிக்க வேண்டும். அடுத்த நாள் தூசு தட்ட என்று அவள் கணினியைத் திறந்தாள். உள்பக்கத் தகட்டில் சின்னப் பொலித்தீன் பை ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு சிட்டிகை மண். மேலே மச்சாளின் எழுத்து: "ஆக்னேஸின் பங்கு. கழற்ற வேண்டாம்."

"அப்பம்மா, நீங்களா?" என்றாள்.

"ஓம்" என்றேன். அவள் மற்றக் கதிரையை இழுத்துப் போட்டாள். இருந்தேன். முதல் வளைவிலேயே காரை மதிலில் கொண்டுபோய் இடித்தேன்.

மச்சாள், நீங்கள் போய் வாங்கோ. கதிரையில் இப்போது நான் இருக்கிறேன்.

மகன், நீ போட்டிருக்கும் அந்த அடையாள அட்டைப் படத்தை எடுத்துவிடு. அதில் மச்சாள் சிரிக்கவில்லை. ஷாலினியின் போனில் ஒன்று இருக்கிறது. மச்சாள் காதில் ஹெட்போன் மாட்டி, ரெண்டு கையையும் உயர்த்திச் சிரிக்கிறார். பின்னால் கதவடியில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். என்னை வெட்டாமல் அந்தப் படத்தைப் போடு.