ஐயாவின் வண்டி கிளம்பும் வரை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடி இருந்தால் வாயைத் திறக்கவே தயங்குவேன். இப்படிப்பட்டவள் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் தீபாவளி முடிந்த வாரம் நடந்தது இது. ஆழ்வார்பேட்டையில், அடுக்குமாடிகளின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக ஆபீஸ் உதவியாளராக இருக்கிறேன். டீ, காபி போடுவது, ஃபைல் எடுத்துக் கொடுப்பது, கடைசியில் மாடியைப் பூட்டுவது எல்லாம் நான்தான்.

முதலாளி ஐயாவின் அறை கீழே. நாங்கள் இருபது பேர் மாடியில். வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் அவருடைய கண்ணாடிக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். வேலை நேரம் ஆறு மணியோடு முடிகிறது. ஆனால் ஐயா உள்ளே இருக்கும்போது பையை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்து போவது மரியாதை இல்லை என்று என்றைக்கோ யாரோ நினைத்திருக்கிறார்கள். அதுவே பழக்கமாகிவிட்டது. டீ போடும் அறையின் ஜன்னலில் நின்றால் கீழே அவருடைய கார் தெரியும். ஏழரைக்கோ எட்டுக்கோ அது கேட்டைத் தாண்டியதும் நான் ஹாலுக்கு வந்து திரைகளை இழுத்து மூடுவேன். அதுதான் எல்லாருக்கும் அடையாளம். இரண்டு நிமிடத்தில் ஹால் காலியாகிவிடும்.

அப்போது கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. இருந்த ஒரே பெண் இரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். நேர்காணலுக்கு வந்த இரண்டு பேரும் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு சேரவில்லை. மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மேனேஜர் வேறு வேலையில் இருந்ததால் ஒரு மணி நேரம் காத்திருந்தாள். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அக்கா, இங்க எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க?" என்று கேட்டாள்.

என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "ஆறு மணி ஆபீஸ்தாம்மா. ஆனா கீழ ஐயா வண்டி கெளம்பணும். நான் ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினே இருப்பேன். நான் திரையை இழுத்தாதான் எல்லாரும் எய்ந்திருப்பாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "அப்போ ஆபீஸுக்கு நீங்கதான் மில் சங்கு!"

நானும் சிரித்தேன். இதில் தப்பாக ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாள் கழித்து அவளும் வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டாள். காரணத்தையும் மறைக்கவில்லை போலிருக்கிறது. மேனேஜர் போனை வைத்த வேகத்தில் நேராகக் கணக்குப் பெண்ணிடம் போனார். நேர்காணலன்று மதியம் வந்த பெண்ணும் இவளும் பேசிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார். இவளுக்கு ஏற்கெனவே அவரிடம் நல்ல பெயர் இல்லை. குழந்தையைப் பகல் நேரக் காப்பகத்தில் விட்டிருந்தாள். அதை அழைத்து வரச் சில நாள் ஆறேகாலுக்கே தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிடுவாள்.

"முதலாளி வண்டி போனாதான் விடுவாங்கன்னு வெளிய போய்ப் பேசறாங்க. நீதானே சொன்னே?"

"இல்ல சார். சத்தியமா நான் சொல்லல."

"வேற யாரு சொல்லுவா? கம்பெனி பேரைக் கெடுத்துட்டு இங்கயே உக்காந்திருக்கலாம்னு நினைக்காதே. நாளைக்கு லெட்டர் வரும், வாங்கிட்டுக் கிளம்பு."

தட்டில் டம்ளர்களோடு நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரும்பிப் போய், கழுவி வைத்த டம்ளர்களையே மறுபடியும் கழுவினேன். இந்த வேலை போனால் இந்த வயதில் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்பதுதான் மனதில் ஓடியது. ஹாலில் கணக்குப் பெண் யாருக்கோ போன் செய்து, "ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று அழாத குரலில் பேசியது கேட்டது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

ஐயா காபி கேட்கவில்லை. ஆனாலும் ஒரு காபி போட்டு எடுத்துக்கொண்டு கீழே போனேன். வெறும் கையோடு அந்த அறைக்குள் போக எனக்குத் தெரியாது.

"நான் கேக்கலையேம்மா."

"ஐயா, கணக்குப் பொண்ணு ஒண்ணும் சொல்லல. வேலைக்கு வந்த பொண்ணாண்ட நான்தான் சொன்னேன்."

"என்னன்னு?"

"உங்க வண்டி போனாதான் நாங்கல்லாம் கெளம்புவோம்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என் வண்டிக்கும் நீங்க கிளம்பறதுக்கும் என்ன சம்பந்தம்? ரோட்ல கூட்டம் குறையட்டும்னு நான் பேப்பர் படிச்சுண்டு உக்காந்திருக்கேன்!"

அவரைப் பார்க்க வருகிறவர்களிடம், எட்டு மணிக்குக்கூட என் ஆட்கள் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள் என்று அவர் பூரிப்போடு சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து என்னோடு மாடிக்கு வந்தார். ஹாலில் யாரையும் பார்க்காமல் நேராக டீ அறைக்குள் போய் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

"நன்னாத்தான் தெரியறது" என்றார். "இத்தனை வருஷமா இதைப் பாத்துண்டா எல்லாரும் உக்காந்திருந்தேள்?"

"ஆமாங்கய்யா."

மேனேஜரை அங்கேயே கூப்பிட்டார். "யாருக்கும் லெட்டர் கிடையாது. இனிமே ஆறு மணி ஆனா யாரும் எனக்காக உக்காரப்படாது. அதை நீர்தான் முதல்ல எழுந்து போய்க் காட்டணும்" என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. கீழே இறங்கிப் போய் அந்த ஆறிப்போன காபியை மட்டும் குடித்தார்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் வேலை கிடைத்ததே பெரிது. இப்போது வருகிற பிள்ளைகள் ஒரு இடத்தில் கால் வைப்பதற்கு முன்னால் விசாரிக்கிறார்கள். அதை என்னைப் போன்றவர்களிடம்தான் விசாரிக்கிறார்கள். அன்றைக்கு வேலை தேடி வந்த பெண்ணிடம் உண்மையைச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. இன்னொருத்தி திட்டு வாங்கியபோது டம்ளர் கழுவப் போனேனே, அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் ஆறு மணிக்கு மேனேஜர் எழுந்தார், பின்னாலேயே நாங்களும் எழுந்தோம். ஐயா சொன்ன அந்தக் கூட்டம்தான், பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இல்லை.