சீசன் துண்டுகளும் என் வலது முழங்கையும்

போன வருஷம் ஆனி மாதம். தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கி, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று டிவியில் காட்டிவிட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் கொண்டாட்டம். எனக்கு மட்டும் பயம்.

எங்கள் வீடு குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் இருக்கிறது. மகள் கல்யாணமாகி வெளிநாடு போனபிறகு வீட்டில் நானும், போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவரும்தான். அவர் பேச்சு "சாப்பாடு ஆச்சா" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் சீசன் வந்தால் வீடே மாறிவிடும். மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம், தூத்துக்குடியிலிருந்து கொழுந்தன் குடும்பம், பிள்ளைகள், பிள்ளைகளின் சிநேகிதர்கள் என்று கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. அந்தச் சில நாட்களை நினைத்துக்கொண்டுதான் வருஷத்தின் மீதி நாட்களை நான் ஓட்டுவேன்.

அருவிக்குப் போகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது ஈரத்துணிதான். காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல். எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டும் வேட்டியும் குவிந்து கிடக்கும். அந்தப் பிசுக்கை வாஷிங் மெஷினில் போட எனக்கு மனசு வராது. வெயிலும் எட்டிப் பார்க்காது. ஒட்டப் பிழிந்து, கூடத்தில் கொடி கட்டி, ஃபேனைப் போட்டுக் காயவைத்தால்தான் மறுநாளைக்கு ஆகும். நான் பிழிந்த துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது என்பதில் எனக்குக் கர்வமே உண்டு. உதவி செய்கிறேன் என்று யாராவது வந்தால், அவர்கள் பிழிந்ததை வாங்கி அவர்கள் கண்முன்னாலேயே மறுபடி பிழிவேன். நல்ல குணமா கெட்ட குணமா என்று கேட்காதீர்கள்.

அப்படிப் பிழிந்து பிழிந்துதானோ என்னவோ, வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் சும்மா ஒரு குடைச்சல். பிறகு தோசைக்கரண்டியைப் பிடித்தால் சுரீர் என்றது. சீசனுக்கு முந்தின பங்குனியில் காபி டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. அருவித் தண்ணீர் அடித்தால் எந்த வலியும் ஓடிப்போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால், கோடை மழைக்கு ஐந்தருவியில் தண்ணீர் வந்ததும் போய் முழங்கையை நேராக நீட்டிக்கொண்டு நின்றேன். வலி ஓடவில்லை. நான்தான் அழுதுகொண்டே ஓடி வந்தேன்.

ஒரு டாக்டரிடம் போனோம். ஊசி போட்டுப் பார்க்கலாம், கேட்கவில்லை என்றால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டேன். அப்போதுதான் என் கணவரின் பழைய சிநேகிதர் ஒருவர், தென்காசியில் கைரோபிராக்டிக் பார்க்கும் ஒரு பெண் இருக்கிறார், கத்தி வைக்காமல் எலும்பு, மூட்டு, தசையையெல்லாம் கையாலேயே பார்த்துச் சிகிச்சை தருகிறார் என்று சொன்னார்.

அவர் பக்கத்துக் கடையம் ஊர்க்காரப் பெண். என் மகள் வயசுதான் இருக்கும். முழங்கை வலிக்கிறது என்றால் கழுத்து, தோள், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். பிறகு ஒரு துண்டைக் கொடுத்து, வீட்டில் செய்கிற மாதிரி பிழிந்து காட்டச் சொன்னார். நான் பாதி முறுக்குவதற்குள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். எலும்போடு தசையைக் கட்டி வைத்திருக்கும் நாண் நைந்துபோயிருக்கிறதாம். முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை போட்டுவிட்டார். வலிக்கிற இடத்தைச் சுற்றி விரலால் மெதுவாக அழுத்தித் தளர்த்தினார். சின்னத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்குகிற பயிற்சி ஒன்றும் சொல்லிக்கொடுத்தார். உடனே சரியாகாது, மாசக்கணக்கில் ஆகும், அப்படியும் குறையவில்லை என்றால் நானே பெரிய டாக்டரிடம் அனுப்புகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

"எம்மா, இந்த சீசனுக்கு ஒரு துணியும் பிழியக் கூடாது. பிழிஞ்சீங்கன்னா நான் செய்யுததெல்லாம் வீண்."

கொஞ்சம் கொஞ்சமாக வலி குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் சீசன் வலிக்காகக் காத்திருக்குமா? கைக்கு முடியவில்லை என்று தெரிந்தால், நமக்கு எதற்குச் சிரமம் என்று எல்லாரும் லாட்ஜில் ரூம் போட்டுவிடுவார்கள். ஒரு வருஷம் லாட்ஜ் என்றால் அதுவே பழகிப்போகும். அப்புறம் இந்தக் கூடத்தில் நானும் ஃபேன் சத்தமும்தான். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

எல்லாரும் வந்து இறங்கினார்கள். நான் பட்டையை மறைக்க முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு நின்றேன். இதென்ன புது ஃபேஷன் என்று நாத்தனார் கேலி செய்தாள். துணிக்கு என்ன வழி என்று தவித்துக்கொண்டே மறுநாள் விடியற்காலையில் கொல்லைக்குப் போனால், என் கணவர் அங்கே துண்டு பிழிந்துகொண்டிருக்கிறார்! நான் சொல்லவே இல்லை. ஸ்டேஷனில் எத்தனையோ பேரை மிரட்டியவர், ஒரு துண்டை அடக்க முடியாமல் சட்டையெல்லாம் நனைந்து நின்றார். என்னைப் பார்த்ததும் உள்ளே போ என்று கையைக் காட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்தில் படுத்திருந்தார்கள். நாத்தனார் படுத்த இடம் கொடிக்கு நேர் கீழே. சொட்டு சொட்டாக மூக்கில் விழுந்திருக்கிறது. ஓடு ஒழுகுகிறது என்று எழுந்தவள், மேலே பார்த்து, துண்டை உருவிக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டாள்.

"மதினி, இது நீங்க பிழிஞ்ச துண்டு இல்ல. யாரு பிழிஞ்சா?"

நான்தான் என்று சாதித்துப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து ரவிக்கையை மேலே தள்ளினாள். பட்டை தெரிந்தது. பின்னாலிருந்து என் கணவர், "நாந்தான் பிழிஞ்சேன்" என்றார். சத்தியத்தை அந்த அளவுக்குத்தான் அவரால் காப்பாற்ற முடிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனாருக்கு வந்ததே கோபம். இத்தனை மாசம் போனில் பேசியும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அவ்வளவு அந்நியமாகிவிட்டோமா என்று பொரிந்தாள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

"சொன்னா நீங்கல்லாம் லாட்ஜுல ரூம் போட்டுருவீங்கள்லா" என்றேன்.

அவள் என் கையை விடவில்லை.

"லாட்ஜுல வெந்நி வரும், ரூமுக்கே காபி வரும். அங்கன நீங்க இருப்பீங்களா மதினி?"

அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த நிமிஷம் கூடத்துக்குப் போய், அவரவர் துணியை அவரவரே பிழிய வேண்டும், மதினி கொல்லைப் பக்கம் வந்தால் அபராதம் என்று எல்லாரையும் எழுப்பிச் சொல்லிவிட்டாள். கொழுந்தனும் என் கணவரும் போர்வையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து முறுக்கி, கொழுந்தன் வழுக்கி விழுந்து, பிள்ளைகள் அதை வீடியோ எடுத்து, வீடே அமளிதுமளிப்பட்டது. கொடியில் போட்ட துணியெல்லாம் சொட்டிக்கொண்டே இருந்தது. கூடம் முழுக்க வாளி வைத்தோம். ஒரு துண்டையாவது வாங்கி மறுபடி பிழிந்துவிடலாமா என்று கை பரபரத்தது. நாத்தனார் ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டேன்.

சிகிச்சையும் பயிற்சியும் தொடர்ந்தன. தை மாதம் பொங்கல் பானையை நானே இறக்கி வைத்தேன். ஆபரேஷன் பேச்சே எழவில்லை. அந்தக் கடையத்துப் பெண்ணுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். ஆனால் அந்த வலியை இப்போது நினைத்தாலும் முழங்கை ஞாபகத்துக்கு வருவதில்லை. என் கை உழைத்தால்தான் என்னைத் தேடி வருவார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே, என்மேல் இவ்வளவு பிரியம் வைத்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எப்படி அப்படி நினைத்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது, இனிக்கவும் செய்கிறது.