பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபத்துக்கு நடுவே ஒரு குழந்தையின் ஷூ கீச் கீச்சென்று கத்தியது. கூச்சத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பிய இளம் தாயின் கையைப் பிடித்து, "உக்காரும்மா, ஓடட்டும்" என்றேன்.

எனக்கு எட்டு வயதானபோது, அப்பா புதுவாயல் கடையில் வாங்கித் தந்த அதே மாதிரி ஷூவோடு என் தம்பி கும்மிடிப்பூண்டி சர்ச்சில் ஓடினான். அப்பாவுக்கு இரும்புக் கம்பெனியில் ஞாயிறும் ஷிஃப்ட். அம்மா தனியாக எங்களைச் சமாளிப்பாள். ஒருநாள் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி முறைத்தார். அதிலிருந்து அம்மா வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆராதனை கேட்டாள்.

புதிதாக வந்த பாஸ்டரின் மனைவி இதைக் கவனித்து வெளியே வந்தார்.

"இன்னாம்மா, இங்க உக்காந்துக்கினு இருக்கீங்க?"

"புள்ள சத்தம் போடறான்மா. எல்லாருக்கும் பேஜாரு" என்றாள் அம்மா.

"நாம மட்டும் இன்னா, மெதுவாவா பாடறோம்? உள்ள வாங்க."

பீடத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார். பிரசங்கம் தொடங்கியதும் தம்பி கீச் கீச்சென்று ஓடிப்போய் பாஸ்டரின் வெள்ளை அங்கியைப் பிடித்து இழுத்தான். பாஸ்டர் பேச்சை நிறுத்தாமல் குனிந்து அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவன் மைக்கைப் பிடித்து, "அம்மா" என்று கூப்பிட்டான். சர்ச் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சந்தோஷம் தாங்காமல் பாயில் துள்ளினேன்.

அடுத்த பாட்டுக்கு அம்மா எழுந்து நின்று பாடினாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.